மருமகள் எழுதாத வரி

மகனுக்கு,

சேலத்தில் அந்தப் பெண்ணோடு சுகமாகத்தான் இருப்பாய். நேற்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டு டிவியில் ஒரு நாடகம் பார்த்தோம். வேறொருத்தியோடு போன புருஷன் திரும்பி வந்தான். பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். பார்த்த பெண்களெல்லாம் அழுதார்கள். உன் பெண்டாட்டி மட்டும் சிரித்தாள்.

"ஏனுங்க மாமா, அவ போயிட்டுத் திரும்பி வந்தா அவனும் இப்பிடிச் சோறு போடுவானுங்களா?"

கரடியூரில் அவளைப் பெண் கேட்டவன் நான். அன்று அவள் அப்பனுக்குக் கொடுத்த வாக்கில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. இதையும் அவள்தான் எழுதுகிறாள். உன்னை வீட்டுக்கு அழைத்து ஒரு வரி எழுதச் சொன்னேன்.

"அத மட்டும் நீங்களே எழுதிக்கோங்க மாமா" என்று பேனாவை நீட்டிவிட்டாள்.

அந்த வரிக்கு விட்ட இடத்தில் என் கைநாட்டை வைத்திருக்கிறேன்.

உன் அப்பன்