பிளாஸ்டிக் பிரிக்காத புத்தகங்கள்

ஆலங்குடி

அன்பு மகள் அன்புமொழிக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சுடர்விழி எழுதுகிறாள். நீ அனுப்பிய புத்தகப் பெட்டியைப் பிரித்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது, உன் பெரிய டாக்டர் புத்தகங்களில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்ததுதான். அவள் சொன்னதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், டெல்லியில் நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறேன். "ஒங்க அக்கா தூசி படாம எப்புடி வச்சிருக்கா பாரு, ஒன் புத்தகமெல்லாம் நாய் கொதறுன மாதிரில்ல கெடக்கும்" என்று இவளைச் சொன்னேன், எழுதிக்கொண்டே முறைக்கிறாள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறேன், சொட்டு மருந்து விடுவது சுடர்தான். முந்திரி வறுக்கும் பக்கம் போகக் கூடாதாம், புகை ஆகாதாம். அந்த டாக்டரம்மாவிடம் என் மூத்த மகளும் மூன்றாம் வருடம் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொன்னேன், "அப்ப அடுத்த கண்ண அவுங்களே பாத்துக்குவாங்க, நீங்க கவலப்படாதீங்க" என்று சிரித்தார்கள். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து உதயசூரியன் மாமா வருகிறான், கூடவே அவன் சிநேகிதர் மகன், புதுக்கோட்டையில் டாக்டராக இருக்கிற தம்பியும் வருகிறாராம். பெண் பார்க்க என்றெல்லாம் இல்லை, சும்மாதான். உன் புத்தகங்களை டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸில் அடுக்கச் சொல்லியிருக்கிறேன், அந்தத் தம்பி பார்த்தால் உன் அருமை தெரியும். லீவு கிடைத்தால் நீயும் வா. நைட் டூட்டி என்று வெறும் டீயைக் குடித்துக்கொண்டு கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை, போனை எடு. நீ தொட்டுப் பார்க்கிற நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், நன்றாக இரு ஆத்தா.

அக்கா, இதுவரைக்கும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். "ஒட்டித் தபால்ல போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். இனி எழுதுவது நானாக. போனில் எனக்குப் பேச வராது, உனக்கே தெரியும், வாயைத் திறந்தால் ம் என்று மட்டும்தான் வரும். பெட்டி வந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வைக்கவில்லை என்று நினைத்துத் திரும்பப் போய் நிற்கிறேன். மூன்று வருடம் படித்த புத்தகத்துக்கு உறை எப்படி அக்கா பிரியாமல் இருக்கும்? டாக்டர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்ற புத்தகத்தில் முன்பக்கம் மட்டும்தான் அழுக்கு. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற புத்தகம் முழுக்க சாக்பீஸ் தூள். வார்டில் இருக்கிறேன் என்று நீ சொன்ன அன்றைக்குக்கூட உன் பின்னால் பிள்ளைகள் சேர்ந்து எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா அது டிவி என்று நினைத்தாள். குடும்ப ரகசியம் பற்றிய நாவலைப் பாதியிலேயே மடக்கி வைத்திருக்கிறாய், நானும் அதைத் திறக்கவில்லை. கறுப்பினத்தவர் எடுத்த சினிமாக்களைப் பற்றிய புத்தகம்தான் முதுகு பிய்ந்து நூல் தெரிகிறது. அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "இது யாருடி, நம்ம ராசாத்தி சித்தி சாடையால்ல இருக்கு" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. படத்துக்குக் கீழே நீ பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்த இடத்தை போனில் தமிழாக்கிப் படித்தேன், கறுத்த முகத்துக்கு வெளிச்சம் எப்படி வைக்க வேண்டும் என்று இருந்தது. கல்யாண வீட்டில் வீடியோக்காரர் என் பக்கம் வந்ததும் லைட்டைத் திருப்பிக்கொள்வாரே, அது உனக்கும் நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது ஊரே ஏன் ஏன் என்று கேட்டது, கேட்காதவள் நீ ஒருத்திதான். அதனால் நீ ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த டாக்டர் ஒரு புத்தகத்தையாவது உருவிப் புரட்டாமல் போக மாட்டார், எந்தக் காலேஜ், யார் ஹெச்ஓடி என்று கேட்காமல் இருக்க மாட்டார். மாமா உடனே காலேஜுக்கே போன் போடுவான். இந்த விஷயம் அடுத்தவர் வாயிலிருந்து அம்மா காதில் விழக் கூடாது அக்கா. ஆவணி பிறப்பதற்குள் நீயே சொல்லிவிடு. நீ சொல்லும்போது நான் பக்கத்தில் இருப்பேன், பேச மாட்டேன், ஆனால் இருப்பேன்.

இன்றைக்கு அம்மா தூங்கியதும் பிளாஸ்டிக்கை எல்லாம் கிழித்து அடுப்படிக்குப் பின்னால் போட்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது உனக்குப் போட்டுத் தருவேனே, அதே மாதிரி பிரவுன் தாள் வாங்கி வந்து எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன், சினிமாப் புத்தகத்துக்கும்தான். கேட்டால் தூசிக்கு இதுதான் நல்லது என்று சொல்லிக்கொள்வேன். ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி உன் பெயரை எழுதினேன். வகுப்பு என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
சுடர்விழி