ரோகிணியின் ஆறு வருடம்

பூம்பாறை
ஞாயிற்றுக்கிழமை

மனோஜ்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் சுகமாக இரு, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனை ஏன் எடுக்கவில்லை என்று மெசேஜில் கேட்டிருந்தாய். எடுத்தால் என் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

கால் சென்டர் வேலை அலுத்துவிட்டது, விவசாயக் கம்பெனிக்கு மாறப்போகிறேன் என்று நீ சொன்னபோது சந்தோஷப்பட்டவள் நான். போன மாதம் அந்தக் கம்பெனிப் பெண் ஒருத்தி, ரெஸ்யூமில் நீ கொடுத்திருந்த என் நம்பருக்கு விசாரிக்கக் கூப்பிட்டு அதை வாசித்துக் காட்டினாள். அப்பா போனபின் ஆறு வருடம் இரண்டு ஏக்கர் மலைப்பூண்டைத் தனியாகப் பார்த்தாயாம், விதைப்பூண்டு அழுகாமலிருக்கப் புகை போடும் கொட்டகையை நீயே மாற்றிக் கட்டினாயாம், ஊர்ப் பெண்கள் இருபது பேரைச் சேர்த்து நேராகச் சந்தைக்கு லோடு அனுப்பினாயாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உன் அக்கா பக்கத்தில்தான் பூண்டுத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த ஆறு வருடத்தில் நீ ஊருக்கு வந்தது நாலு தடவை, நாலு தடவையும் செருப்பில் மண் ஒட்டும் என்று வயலில் இறங்கவில்லை.

"இதெல்லாம் செஞ்சது என் மக ரோகிணிங்க, அவன் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பெற்றவள் மறைத்திருக்க வேண்டாமா என்கிறாய். உன்னை மட்டுமா பெற்றேன்? அந்தக் கம்பெனிப் பெண் ரோகிணியிடம் பேசினாள், கொட்டகையைப் பார்க்க நேரில் வந்தாள், ஒட்டன்சத்திரம் ஆபீஸில் வேலையை அவளுக்கே கொடுத்துவிட்டாள். நேற்று நீ அக்காவைக் கூப்பிட்டு "என் வேலையைத் திருடிட்டே" என்று கத்தியிருக்கிறாய். திருடியது யார்?

இனி எழுதுவதானால் நீ செய்ததை எழுது. எட்டு வருடம் முகம் தெரியாதவர்கள் திட்டத் திட்டக் குரல் உயர்த்தாமல் பதில் சொல்லியிருக்கிறாய், அது லேசான சோலி இல்லை. அதைப் பற்றி ரெஸ்யூமில் ஒரு வரிகூட இல்லையாமே. அக்காவிடம் பேசும்போதுதான் அந்தப் பொறுமை உனக்கு வராது போலிருக்கிறது.

குழந்தை வேலப்பர் உன்னைக் காக்கட்டும், அதற்குமேல் வாழ்த்த இப்போது மனசு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் ரோகிணி வேலைக்குக் கிளம்புகிறாள், அதற்குள் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். அடுத்த ரெஸ்யூமிலும் என் நம்பரையே போடு. யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன்.

உன் அம்மா,
அன்னக்கொடி