மூன்று மையில் ஒரே கை

இன்று காலை கல்லூரியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ஆசிரியர்களை மதிப்பிட்டு மாணவர்கள் நிரப்பிய படிவங்களாம். தரக் குழுவில் ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் என் கையெழுத்து வேண்டும். நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று மையில் டிக்குகள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பத்துத் தாள் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாமலா? இந்த வித்தையைத் துறைக்குக் கொண்டுவந்தவனே நான்தானே.

அதே துறையில் என்னோடு பாடம் நடத்திய நீங்கள் இப்போது உயிரோடு இல்லை; அந்த மதியம் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று இனிக் கேட்க முடியாது. மறுநாள் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. துறை அறையில் உட்கார்ந்து, வரிசை எண் போட்டு, பேனாவை மாற்றி மாற்றி டிக் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து ‘மிக நன்று’க்கு ஒரு ‘நன்று’. நீங்கள் வகுப்பு முடிந்து உள்ளே வந்தீர்கள்.

“இன்னா சார் இது? பரிட்சையில பசங்க காப்பி அடிச்சா புடிக்கிறீங்க. உங்கள யாரு புடிக்கிறது?”

“முதல்வர்தான் சொன்னாருங்க...”

“பசங்க எழுதினது எங்க?”

குப்பைக்கூடையைக் காட்டினேன். குனிந்து துழாவி ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தீர்கள். பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து நம் இருவருக்கும் தெரியும். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியும் தினமும் தாமதமாகி, கடைசி பெஞ்சில் உட்காரும் பெண். ‘சார் போர்டைப் பார்த்தே பேசுகிறார். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் திரும்பினால் போதும்.’

“திரும்பினா கழுத்து சுளுக்கிக்குமா சார்?” என்று தாளை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனீர்கள்.

அப்போதும் நான் நிறுத்தவில்லை. மிச்சப் படிவங்களையும் முடித்தேன். கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. இனிப்பு கொடுத்தார்கள், நீங்கள் தொடவில்லை. அந்தப் பெண் என் பாடத்தில் தோற்று, வருவதையே நிறுத்திவிட்டாள்.

இன்று கோப்பைக் கொண்டுவந்த விரிவுரையாளர் அவசரப்பட்டார். “சும்மா ஒரு கையெழுத்துங்க சார். நாளைக்குக் கமிட்டி வருது, டைம் ரொம்ப கம்மி.”

“பசங்க எழுதினது எங்கங்க?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டபோது கத்திவிட்டேன்.

“அதையெல்லாம் யாரு சார் படிச்சிக்கினு இருப்பாங்க?”

கோப்பை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. அவர் மீது கோபம், என் மீது அதைவிட. உங்கள் மீதும்தான். அன்று என்னை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்டிருக்கலாமே, ஏன் விட்டீர்கள்?

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது. அவள் வருவதை நிறுத்திய பிறகு, ஓய்வு பெறும்வரை, கடைசி பெஞ்சைப் பார்த்தே பாடம் நடத்தினேன். அங்கே அவள் இல்லை.