வாசனையைக் காதால் கேட்ட நாள்

கடல்மேல் இருக்கும் என் அவருக்கு,

பாப்பா சுகமாக இருக்கிறாள். குப்புற விழுந்து, பாயின் ஓரத்தைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். நான் வேலைக்குப் போகும்போது தையல் ஆலையின் குழந்தைகள் அறையில் விட்டுப் போகிறேன். அங்கிருக்கும் ஆயா இவளைச் “சின்ன முதலாளி” என்றுதான் கூப்பிடுகிறாள். அழுகிற அதிகாரத்தைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள்.

என்னைப் பற்றித்தான் போன மூன்று கடிதங்களிலும் பொய் எழுதிவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள்.

காய்ச்சல் விட்டது உண்மைதான். போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் அடுப்பில் பால் கருகிக்கொண்டிருக்கிறது, நான் பக்கத்திலேயே நின்று காய் நறுக்குகிறேன். மாடிவீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டி, “என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?” என்றாள். திரும்பிப் பார்த்தேன். பாத்திரம் கறுப்பாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, எனக்கு வாசனையே வரவில்லை என்று.

“சில பேருக்குச் சீக்கிரம் திரும்பி வரும், சில பேருக்கு நாளாகும்” என்றார் டாக்டர். வராமலே போகிறவர்களும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கிறது. மல்லித்தழையைக் கசக்கினால் விரல் பச்சையாகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. கனவில் மட்டும் வாசனை வருகிறது. ஒரு விடியற்காலையில் வெறும் சோற்றின் ஆவி வந்தது, கொதி மூடியைத் தள்ளுகிற நேரத்து வாசனை. கனவிலேயே அழுதேன் போலிருக்கிறது. விழித்தபோது தலையணை ஈரம்.

ஆலையில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நூற்றிருபது பேருக்குச் சமைக்கிறவளுக்கு மூக்கு இல்லை என்றால் யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? காதை வைத்துச் சமாளித்தேன். கடுகு அடங்குகிற சத்தம், குழம்பு கெட்டியாகும்போது ‘பொளக்’ என்று உடைகிற குமிழ். உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

போன சனிக்கிழமை கேன்டீனில் பொதுச் சாப்பாடு. வருடத்தில் அந்த ஒரு நாள் சமையல்காரர்களுக்கு ஓய்வு. ஏழெட்டு மொழிக்காரர்களும் அவரவர் வீட்டுச் சமையலைச் செய்து கொண்டுவருவார்கள். நீள மேசையில் பானைகள் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் மாதிரி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் நான் பார்த்துச் சரி சொன்னால்தான் பரிமாறலாம் என்பது மேலாளர் அம்மாவின் உத்தரவு.

கேன்டீனில் ரொட்டி சுடுகிறவள் தன் ஊர் மீன் சூப்பைக் கொண்டுவந்தாள். வேற்று மொழிக்காரி, நம் பேச்சைத் தட்டுத்தடுமாறித்தான் பேசுவாள். “நேத்து செஞ்சது. எனக்கு சந்தேகம், நீ பாரு” என்று மூடியைத் திறந்தாள். நான் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, “பிரமாதம்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தானும் குனிந்தாள். சட்டென்று மூடியைப் போட்டாள். “இது கெட்டுப்போச்சு. குடலைப் புரட்டுது” என்றாள். முதல் கிண்ணங்கள் குழந்தைகள் அறைக்குப் போக வேண்டியவை.

“உனக்கு வாசனை வராதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

தலையை ஆட்டினேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. பானையைத் தூக்கிப்போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, ஈரக் கையாலேயே என் கண்ணைத் துடைத்தாள்.

மேலாளர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். “இத்தனை நாளாவா?” என்றவர் ரொட்டிக்காரியையும் கூப்பிட்டு நிறுத்தினார். பிறகு, “இனிமே ருசி நீ பாரு, வாசனை அவ பாக்கட்டும். ரெண்டு பேரும் சரின்னாத்தான் சாப்பாடு வெளியே போகணும். மூக்கு போனது உன் தப்பில்ல. மறைச்சதை மட்டும் நான் மறக்க மாட்டேன்” என்றார். வேலை இருக்கிறது. அந்தக் கடைசி வார்த்தையும் கூடவே இருக்கிறது.

அதன்பின் நடந்ததை எப்படி எழுதுவது? ரொட்டிக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துப் பானை பானையாக அழைத்துப்போனாள். ஒவ்வொருவரிடமும், இவளுக்கு வாசனையைச் சொல்லு என்றாள். மிஷின் துடைக்கிறவர் தன் பருப்பைக் காட்டி, “காஞ்ச மண்ணுல முதல் தூறல் விழுமே, அது” என்றார். வேன் ஓட்டுகிறவர் கறிக்குழம்புமேல் கையை வைத்துக்கொண்டு, “எங்க அம்மா தலைமுடியில புகை இருக்கும். அதுதான்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பொத்தான் தைக்கிற பெண், “பக்கத்து வீட்டுல யாரோ சிரிக்கிற மாதிரி இருக்குக்கா” என்றாள். ஒருவர் முழுக்கத் தன் மொழியிலேயே சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் வாயில் எச்சில் ஊறியது. ஆவியும் பேச்சும் கலந்து, நடுவில் மிதப்பது போல நின்றேன். பக்குவம் கேட்டால், “பச்சை வாசம் போற வரைக்கும் வறுக்கணும்” என்பார்கள். ரொட்டிக்காரி உடனே, “உனக்கு நூறு எண்ணுற வரைக்கும்” என்று மாற்றிச் சொல்வாள். அன்று வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்டிருந்த ஒன்றுக்கு மட்டும் இதுவரை பதில் எழுதவில்லை. கைக்குழந்தையின் தலையில் ஒரு வாசனை இருக்குமாமே, எப்படி இருக்கும், எழுது என்று கேட்டிருந்தீர்கள். காய்ச்சலுக்கு முன் எனக்குத் தெரியும், நினைவில்தான் நிற்கவில்லை. இப்போது உச்சியில் மூக்கை வைத்தால் வெதுவெதுப்புதான் தெரிகிறது. ஆயாவிடம் கேட்டிருக்கலாம், ரொட்டிக்காரியும் சொல்லியிருப்பாள். இதை மட்டும் வேறு யார் வாயாலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கப்பல் கரை தொட நான்கு மாதம் என்கிறீர்கள். அந்த வாசனை கொஞ்ச காலம்தான் இருக்குமாம். கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்தவுடன், பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல், குனிந்து முகர்ந்து பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் பாதையைப் பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா