கழற்றிய பின்சீட்

அலாஸ்கா, 9 பிப்ரவரி 1976

அன்புள்ள லொரெட்டா,

நான் சுகம். உன் இருமல் விட்டதா?

செவ்வாயன்று வேலையிடத்தில் பனியில் வழுக்கி மணிக்கட்டு லேசாகச் சுளுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். மேஸ்திரி ஏர்ல் பைக் மாதிரி இருக்கும் தன் பனிவண்டியில் என்னைப் பின்னால் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். "வெக்கப்படாம இறுக்கிப் புடிச்சுக்கடா, என்னை உன் பொண்டாட்டின்னு நெனச்சுக்க" என்றார்.

நம் பழைய பைக்கில் நீ பின்னால் உட்கார்ந்து, குளிருக்கு என் கோட்டுப் பைகளில் கைகளை விட்டுக்கொள்வாய். பைக்கை நான் அழகுபடுத்துகிறேன் என்று பின்சீட்டைக் கழற்றியபோது, "அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டாய். நான் பைக்கின் குரோம் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாரம் ஒருமுறை கிக்கரை மிதித்துவிடு, இல்லாவிட்டால் இன்ஜின் இறுகிவிடும். அந்தச் சீட் கராஜ் பரணில் கிடக்கிறது. எலி கடித்திருந்தாலும் எறிந்துவிடாதே. மே மாதம் ஊருக்கு வந்ததும் மாட்டிவிடுகிறேன்.

தபால்காரர் காத்திருக்கிறார்.

உன் வால்ட்