கோழிக்குப் பின் தயிர்

ஹைஃபா,
14.11.2003, வெள்ளி

அன்புள்ள மனைவி சுகிர்தாவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நைனா மாத்திரை தவறாமல் போடுகிறாரா?

நான் பார்த்துக்கொள்ளும் யூதப் பெரியவர் எலியேசர் நல்ல மனிதர். போன வாரம் அவர் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, நம் வழக்கப்படி அதே தட்டில் சோறு போட்டுத் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். அவர் மகள் அலறிவிட்டாள். இறைச்சியும் பாலும் சேரக் கூடாதென்பது அவர்கள் நியாயப்பிரமாணம். வேலை போயிற்று என்றே நினைத்தேன். பெரியவரோ சிரித்தார். "கட்டளை எங்களுக்குத்தானே, உனக்கில்லையே. நிம்மதியாகச் சாப்பிடு. தட்டு இனி எங்களுக்கு ஆகாது, நீயே வைத்துக்கொள்" என்றார்.

நியாயப்பிரமாணம் சிலுவையோடு முடிந்தது என்று பிரசங்கிக்கிற நம் பாஸ்டர் தேவவரம், திருமலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு லட்சுமம்மா தந்த ஒரு லட்டுக்காக உன்னைத் திருவிருந்திலிருந்து நிறுத்தினார். "பிரசாதமும் துன்னுக்கினு, இங்கயும் வந்து கை நீட்டுவாங்களா சார்?" என்று சபை நடுவில் என்னைக் கேட்டார். பதினெட்டு வருடம் அங்கே ஞாயிறு பள்ளி நடத்தியவன் நான். இப்போது கிறிஸ்துமஸுக்குள் என் கையால் மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம். நீயும் எழுதச் சொல்கிறாய். எழுத மாட்டேன். என் வீம்பால் உனக்குத்தான் திருவிருந்து அப்பம் இல்லை என்பதும் தெரியும்.

பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள்; இவர்கள் விளக்கைத் தொட மாட்டார்கள். அதற்குள் எல்லா விளக்கையும் நான் போட்டுவைக்க வேண்டும். ஜனவரியில், இங்கே என்னைப் போல் வேலை செய்யும் மணிவேல் ஊருக்கு வந்து திரும்புகிறான். அவனிடம் நாரத்தை ஊறுகாய் கொடுத்தனுப்பு. லட்சுமம்மா மறுபடி லட்டு தந்தால் நீ பாதி சாப்பிட்டு, எனக்குப் பாதி அனுப்பு.

தட்டு இருக்கிறது.

ஏனோக்