பெரிய பள்ளிவாசலில் எடுக்கப்பட்ட தூண்

திரு நிலைபெறுக. அலைவாய் நாடும் ஆறு துறைகளும் ஆளும் அரசி செங்கோதையார், முத்தாழி நகரக் காவலர் வில்லவதரையனாருக்கு விடுக்கும் ஓலை. நும் நகரும் குடிகளும் நலமுறுக.

நீர் எல்லைப்புறம் சென்றிருந்த வெள்ளியன்று நும் நகரின் பெரிய பள்ளிவாசலில் நிகழ்ந்ததை நம் எழுத்தாலேயே அறிவீராக.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வந்த குதிரை வணிகர் தொழுவதற்கு நம் முன்னோர் மலைக்கல் ஈய எழுந்த பள்ளி அது. உருவம் ஏதுமின்றிக் கொடியும் தாமரையுமே செதுக்கிய அறுபத்து நான்கு தூண்கள், அவற்றின் தலையில் உத்திரம் தாங்கும் வாழைப்பூப் போதிகைகள், மேலே கற்பலகைக் கூரை. அந்நடுமண்டபத்தில் அயல்நாட்டுத் தூதருடன் நாம் அமரும்போது மேற்குச் சுவரின் தொழுகை மாடம் மறையாதிருக்க, ஒரு தூணை எடுக்கப் பணித்தோம்.

கல்தச்சர் குணவர் அது ஆகாதென்று முறையிட்டார். மறுத்தால் வலக்கை போகும் என்று ஓலை சென்றது. அஞ்சி எடுத்தார்; அவ்விடத்தில் பனந்தூலத்தால் முட்டுக்கொடுத்தார். அன்றுமுதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளி நண்பகல். அறுநூறு பேர் வரிசையில் அமர்ந்திருக்க, கூரையையே பார்த்தபடி சுவரோரம் நின்ற குணவரின் தோளில் கற்பொடி உதிர்ந்தது. உத்திரக்கல்லில் மயிரிழையாய் இருந்த விரிசல் அவர் கண்ணெதிரே விரலகலம் ஆயிற்று. கத்த வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். வாயில்கள் இரண்டே, அவையும் குறுகியவை. ஓடினால் மிதிபட்டே மாள்வர். சுவரைப் பற்றியபடியே சென்று, மேடையில் உரை நிகழ்த்திக்கொண்டிருந்த கத்தீபு சதக்கு லெப்பையாரின் காதில் சொன்னார்:

"கல்லு முனகுது, லெப்பை. யாரும் ஓடக் கூடாது."

லெப்பையாரின் முகம் வெளிறியது, குரல் மாறவில்லை. கடைசி வரிசை முதலாக ஒவ்வொரு வரிசையாய் எழுந்து, குளக்கரைக்குச் சென்று தொழுமாறு, உரையோடு உரையாகச் சொன்னார். ஏனென்று விளங்காமலே மக்கள் நடந்தனர். குணவர் முட்டுத்தூலத்துக்குத் தோள் கொடுத்து, அதன் அதிர்வு தம் எலும்பில் ஏற ஏற, எஞ்சிய வரிசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இறுதியில் லெப்பையார் வந்து அவர் கையைப் பற்றி இழுத்தார். இருவரும் படியிறங்குகையில் நடுமண்டபம் வீழ்ந்தது.

ஓருயிரும் போகவில்லை. ஆயினும் குணவர் எந்தக் கூரையின் கீழும் செல்ல அஞ்சி வெட்டவெளியிலேயே கிடக்கிறார். நம் தூதன் நலம் வினவச் சென்றபோது, வெட்டத்தான் வந்தான் என்றெண்ணி, வலக்கையை நீட்டினாராம்.

ஆதலின் நம் ஆணை: தூணை எடுப்பித்த ஓலை நம்முடையது, பிழையும் நம்முடையது என்பதை குணவர், லெப்பையார் இருவர் முன்னும் ஊரார் முன்னும் உரக்க வாசிப்பீராக. மண்டபம் அறுபத்து நான்கு தூணோடே மீண்டும் எழுக. பிறகு, குணவரின் வீட்டினுள் முதலில் நீர் நுழைந்து, அக்கூரையின் கீழ் நின்றுகொண்டு, அவரை உள்ளே அழைப்பீராக. அவர் வருமட்டும் நீர் அங்கேயே நிற்கக் கடவீர்.

இவ்வோலையில் அழித்து எழுதிய எழுத்து ஏதும் இல்லை. சங்கு இலச்சினை இட்டோம்.